பழைய சமையல் மேடை: உடைக்காமல் புதுப்பிக்க என்ன வழி?

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கும்போது சுவர்களைவிட அதிகமாகக் கண்ணை உறுத்துவது சமையலறை மேடைதான். சுவருக்கு ஒரே நாளில் சாயம் அடித்துவிடலாம். திரைச்சீலையை மாற்றிவிடலாம். சிங்க்கும் அடுப்பும் உட்கார்ந்திருக்கும் மேடையை அப்படிச் சட்டென்று மாற்ற முடியாது. 1980களிலும் 1990களிலும் கட்டிய தாமான் வீடுகள் பலவற்றில் அது கான்கிரீட்டில் வார்த்த மேடை. மேலே நான்கு அல்லது ஆறு அங்குல வெள்ளை டைல்ஸ். ஆண்டுக்கணக்கில் மஞ்சளும் எண்ணெயும் ஏறி டைல்ஸ் இடுக்குகள் கறுத்துப் போயிருக்கும். பின்னாளில் வந்த கேபினட்டுகளில் மேடை மரத்தூள் பலகையாக இருக்கும். சிங்க்கைச் சுற்றி அந்தப் பலகை ஊறி உப்பியிருக்கும்.

கேபினட் செய்பவரைக் கூப்பிட்டால், எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அவருடைய விலை அடிக்கணக்கு. மேடை எத்தனை அடி நீளமோ அத்தனை மடங்கு. பத்தடி மேடைக்கே தொகை ஆயிரக்கணக்கான ரிங்கிட்டில் போய் நிற்கும். ஆனால் பல வீடுகளுக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையே இல்லை. சில நூறு ரிங்கிட்டுக்குள் மேடையைப் பார்க்கும்படியாகவும் உழைக்கும்படியாகவும் செய்துவிடலாம். மேல்பாகம் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் கவலை இல்லை. அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் செலவை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அடியில் பார்க்க வேண்டும்

கடைக்குப் போய் டைல்ஸ் பார்ப்பதற்கு முன்னால், கேபினட் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கோடு மேடையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் மேலே செலவழித்த பணம்தான் அதிகமாக வீணாகிறது.

கான்கிரீட் மேடை என்றால் அடியில் மூன்று அடையாளங்களைத் தேட வேண்டும். பழுப்பு நிறத் துருக்கறை, நேர்கோடாக ஓடும் விரிசல், செதிலாக உதிர்ந்து கம்பி வெளியே தெரியும் இடம். டைல்ஸ் இடுக்கில் அடைத்த சிமெண்ட் தேய்ந்துவிட்டால் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு கூடும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. சிங்க்கின் கீழேயும் சுவரை ஒட்டிய பின்பக்கத்திலும் இது முதலில் தெரியும். கறை மட்டும் லேசாக இருந்தால் ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டு மேலே வேலை செய்யலாம். கம்பி வெளியே தெரிந்து, தட்டினால் துண்டு துண்டாக உதிரும் மேடைக்கு மேலே புது டைல்ஸ் ஒட்டுவது ஆபத்து. மாவு அரைக்கும் கிரைண்டரும் அண்டாவும் வைக்கும் இடம் அது. கீழே உட்கார்ந்து சாமான் எடுப்பவர் தலைக்கு மேல் இருக்கும் பாரம் என்பதை மறக்கக் கூடாது. அந்த நிலையில் இருக்கும் பகுதியை உடைத்துப் புதிதாக வார்ப்பதுதான் வழி. பத்தடியில் மூன்றடி மட்டும் கெட்டிருந்தால் மூன்றடியை மட்டும் உடைத்தால் போதும். முழு மேடையையும் உடைக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்கலாம்.

மரத்தூள் பலகை மேடை என்றால் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிங்க் வெட்டிய ஓரம், குழாய் நுழையும் துளை, சுவர் மூலை ஆகிய மூன்று இடமும் முக்கியம். விரல் அமுங்கினால் அந்தப் பலகை தன் பலத்தை இழந்துவிட்டது. காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கரையான் மண் கோடு தெரிந்தால் முதலில் கரையானைத் தீர்க்க வேண்டும்; மேடை அப்புறம்தான்.

டைல்ஸ் ஒட்டிய மேடைக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒரு மரக் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு டைலாகத் தட்ட வேண்டும். கெட்டியான சத்தம் வந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது. டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு விட்டுவிட்டது. அப்படிப்பட்டவற்றைச் சாக்பீஸால் குறித்து வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து டைல்ஸ் மட்டும் என்றால் அவற்றை எடுத்துவிட்டுச் சிமெண்டால் நிரப்பிச் சமப்படுத்தலாம். பாதிக்கு மேல் என்றால் பழைய டைல்ஸ் முழுவதையும் தட்டி எடுத்துவிடுவதே மேல்.

இடுக்கை மட்டும் மாற்றினாலே போதுமான வீடுகள்

டைல்ஸ் உடையவில்லை, தட்டினால் கெட்டியாக இருக்கிறது, பார்வைக்கு மட்டும்தான் அழுக்கு என்றால் மிகக் குறைந்த செலவில் தீரும் வழி இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக நிரப்புவது. கிரவுட் சுரண்டும் சின்னக் கத்தி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். பழைய கிரவுட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்காவது எடுக்க வேண்டும். மேலே பூசியது நிற்காது. ஒரு மாதத்தில் ஏடு ஏடாகக் கிளம்பிவிடும்.

அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கறை போகவில்லை என்று ப்ளீச் ஊற்றி, அதுவும் போதாமல் அதன் மேலேயே கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறியதாக இருக்கும் அடுக்குமாடி சமையலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகே மற்றொன்று. உண்மையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு இரண்டுமே தேவையில்லை. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கெட்டியான பிரஷும் பொறுமையும் போதும்.

புதிய கிரவுட்டில் இரண்டு வகை. சிமெண்ட் கிரவுட் மலிவு, போடுவது சுலபம். ஆனால் அது நுண்துளை உள்ளது. மஞ்சள் தண்ணீர் ஒரு முறை தேங்கினால் அந்த நிறத்தைக் குடித்துக்கொள்ளும். எப்பாக்சி கிரவுட் விலை பல மடங்கு கூட, கலந்த பிறகு சீக்கிரமே இறுகிவிடுவதால் கை வேகமாக ஓட வேண்டும், ஆனால் கறை பிடிக்காது, தண்ணீர் இறங்காது. நம் சமையலுக்கு, குறிப்பாகச் சிங்க்கைச் சுற்றியும் அடுப்புக்கு முன்னாலும், எப்பாக்சி போடுவது வீண் செலவு இல்லை. பணம் போதவில்லை என்றால் அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் எப்பாக்சியும் மற்ற இடத்துக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட் கிரவுட்டும் போடலாம். வெள்ளை கிரவுட் கடையில்தான் அழகு.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ்

கான்கிரீட் அடிப்பாகம் நன்றாக இருந்து, தோற்றத்தையே மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதிய பெரிய டைல்ஸ் ஒட்டுவதுதான் செலவுக்கேற்ற பலன் தரும் வழி. உடைக்கும் கூலி இல்லை, குப்பை ஏற்றும் செலவு இல்லை, சத்தமும் குறைவு.

இதில் ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. சமையல் மேடையின் அகலம் வழக்கமாக இரண்டடி, அதாவது சுமார் 60 சென்டிமீட்டர். தரைக்குப் போடும் 60க்கு 60 சென்டிமீட்டர் டைல் அதே அளவு. ஒரு வரிசை போட்டாலே மேடை முழுவதும் மூடிவிடும். நீளவாக்கில் ஓடும் இடுக்கே இருக்காது. பழைய மேடையில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன டைல்ஸ், அவற்றைச் சுற்றி மீட்டர் கணக்கில் இடுக்குகள். புதியதில் ஐந்தே இடுக்கு. அழுக்குப் பிடிக்கும் இடம் அத்தனை குறைகிறது.

பத்தடி மேடை என்றால் சுமார் 305 சென்டிமீட்டர். ஐந்து முழு டைல் வைத்தால் கடைசியில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்று ஒட்டு போட்டதுபோல் நிற்கும். அதைவிட நடுவில் நான்கு முழு டைல், இரண்டு ஓரத்திலும் சுமார் 32 சென்டிமீட்டர் துண்டு என்று பிரித்தால் பார்வைக்கு அமைப்பாக இருக்கும். ஆக ஆறு டைல். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை மெல்லிய பட்டையாக அறுத்து மேடையின் முன்விளிம்புக்கு ஒட்டிக்கொள்ளலாம். இந்த அளவு டைல் பெரும்பாலும் பெட்டிக்கு நான்கு என வரும். இரண்டு பெட்டி வாங்கினால் போதும். டைல்ஸ் கடைகளில் ஒன்றிரண்டு பெட்டி மட்டும் மிஞ்சிப் போனவற்றை லெலோங் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். முழு வீட்டுக்குத் தரை போடுபவருக்கு அது உதவாது. மேடை செய்பவருக்கு அதுவே அதிகம்.

வாங்கும்போது சுவர் டைல் எடுக்கக் கூடாது. அது மெலிந்தது, பூரிக்கட்டை விழுந்தாலே கீறும். தரைக்கான போர்சலைன் டைலே ஏற்றது. பளபளப்பானதைவிட லேசான மங்கல் மேற்பரப்பு நல்லது. சொரசொரப்பான கார் நிறுத்துமிட டைல் வேண்டாம், துடைக்கவே முடியாது. நிறத்தில் சாம்பல், மணல் நிறம், கல் கோலம் போன்றவை நம் சமையலுக்கு ஒத்துவரும்.

ஒட்டும் வேலையில்தான் பிழை நடக்கிறது. சாதாரணச் சிமெண்டும் மணலும் கலந்த சாந்து, வழவழப்பான பழைய டைல் மேல் பிடிக்காது. முதல் சில மாதம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு நாள் முழு டைலும் அப்படியே கையோடு வரும். பழைய டைல் மேல் ஒட்டுவதற்கு ஏற்றது என்று பையிலேயே போட்டிருக்கும் பாலிமர் கலந்த பசைச் சிமெண்டைத்தான் வாங்க வேண்டும். இந்த அளவு மேடைக்குப் பொதுவாக ஒரு பை போதும். அதற்கு முன் பழைய டைலின் பளபளப்பைக் கிரைண்டரால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய் போகக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பசையைப் பல் வைத்த கரண்டியால் மேடையில் பரப்பி, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தேய்த்த பிறகு அழுத்த வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் மேடைக்கு உதவாது. நடுவில் வெற்றிடம் இருந்தால் இடிகல்லை வைத்துச் சம்பலுக்கு இடிக்கும் நாளில் டைல் விரிந்துவிடும்.

சிங்க் வரும் இடத்தில் இரண்டு டைல் சேரும் இடுக்கு சிங்க்கின் நடுவில் விழும்படி அமைத்தால் வெட்டுவது சுலபம். உள்மூலையைக் கூராக வெட்டக் கூடாது. முதலில் மூலையில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு அதுவரை வெட்ட வேண்டும். கூரான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். டைல்களுக்கு இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சுவரை ஒட்டிய ஓரத்தில் கிரவுட் போடாமல் சிலிக்கோன் போட வேண்டும். மேடையும் சுவரும் வெயிலுக்கும் பாரத்துக்கும் தனித்தனியாக அசைபவை. அங்கே கிரவுட் போட்டால் கட்டாயம் விரியும், தண்ணீர் பின்பக்கமாக இறங்கும். பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கோன் சில ரிங்கிட்தான் கூட. முழு வேலையிலும் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் பொருள் அந்தக் குழாய்தான்.

உயரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். டைலும் பசையும் சேர்ந்து மேடை சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். பழைய மேடைகள் பல தாழ்வாக இருப்பதால் இது பெரும்பாலும் நல்லதே. முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை இருப்பது வெட்டவும் பிசையவும் வசதி. வீட்டில் அதிகம் சமைப்பவரை நிற்க வைத்து அளப்பது நல்லது. இடுப்பு வலிக்குக் காரணம் வயது என்று நினைத்திருப்பார்கள், மேடையாகவும் இருக்கலாம்.

எடை இன்னொரு விஷயம். இந்த அளவு டைல் ஒன்று ஏறக்குறைய எட்டுக் கிலோ இருக்கும். பத்தடி மேடைக்கு டைலும் பசையுமாகச் சேர்ந்து ஓர் ஆளின் எடை ஏறுகிறது. கான்கிரீட் மேடை தாங்கும். மரத்தூள் பலகைக் கேபினட் மேல் இதைச் செய்யவே கூடாது.

வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். டைல், கான்கிரீட், குவார்ட்ஸ் கல் எல்லாவற்றின் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. குவார்ட்ஸ் கல் மேடை வெட்டிய தொழிலாளர்கள் பலருக்குச் சிலிக்கோசிஸ் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. வீட்டுக்குள் காய்ந்த நிலையில் வெட்ட விடாமல், வாசலில் வாளித் தண்ணீரோடு வெட்டினால் வேலை செய்பவருக்கும் நல்லது, தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் நல்லது.

உப்பிய மரப்பலகைக்கு

மரத்தூள் பலகை உப்பிவிட்டால் அதை மூடி மறைக்க வழியில்லை. ஆனால் கேபினட்டின் பெட்டிகள் நன்றாக இருக்கும்போது மேல்பலகையை மட்டும் மாற்றலாம். அதையும் தச்சர்கள் தாங்களாகச் சொல்வது அரிது. பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டி, மேலே ஃபார்மிக்கா ஒட்டி வாங்கினால் கல்லின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். சிங்க்குக்காக வெட்டிய ஓரம்தான் இதன் உயிர்நிலை. வெட்டிய பச்சை மரத்தைச் சிங்க் மூடிக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த ஓரம் முழுவதும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு, சிலிக்கோன் வைத்துச் சிங்க்கை இறக்கினால் பலகை பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். பழைய பலகை கெட்டது அந்த ஒரு விரற்கடை ஓரத்தில்தான்.

சிங்க் இருக்கும் நான்கடிக்கு மட்டும் எஃகு மேடை போடுவதும் நல்ல யோசனை. மூடப்படும் உணவகங்களின் எஃகு மேசைகளும் சிங்க்குகளும் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அது துருப்பிடிக்க வாய்ப்புள்ள மலிவு வகை. ஒட்டவில்லை என்பதற்காக உயர்ந்த ரகம் என்று நம்பிவிடவும் முடியாது. மூலைகளிலும் பற்றவைத்த இடங்களிலும் துருப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

குட்டையான மேடை உள்ளவர்கள் கல் வெட்டும் பட்டறைகளில் மிச்சத் துண்டு கேட்டுப் பார்க்கலாம். ஐந்தடி கிரானைட் துண்டு பெரிய வீட்டுக்காரருக்குப் பயன்படாது; அடுக்குமாடி வீட்டுக்கு அளவாக இருக்கும். கிரானைட் சூட்டைத் தாங்கும். பளிங்கு வேண்டாம்; எலுமிச்சையும் புளியும் பட்ட இடமெல்லாம் மங்கிவிடும். குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராக வைக்கக் கூடாது.

பழைய வீடுகள் சிலவற்றில் சிறு கற்கள் பதித்துத் தேய்த்த டெராசோ மேடை இருக்கும். அது பழசாகிவிட்டது என்று அதன் மேல் டைல் ஒட்டுவது பாவம். தரை மெருகேற்றுபவர்களைக் கொண்டு தேய்த்து மெருகு போட்டால் இன்று புதிதாகச் செய்ய முடியாத மேடை கிடைக்கும்.

ஸ்டிக்கரும் சாயமும்

பளிங்குபோல் கோலம் போட்ட ஒட்டுத்தாள் இணையத்தில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பண்டிகைக்கு ஒரு மாதம் அழகு காட்ட அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சூடான சட்டி வைத்தால் சுருங்கும், கத்தி பட்டால் கிழியும். இடுக்கில் தண்ணீர் போனால் அடியில் பூஞ்சை பிடித்துக் கரப்பான் குடியேறும். பிளாஸ்டிக் தாளை அடுப்பை ஒட்டி ஒட்டுவது தீக்கு வழி. டைல் சாயமும் அப்படித்தான்: மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர் டைல்களுக்கு நன்றாக நிற்கும். கத்தியும் பாத்திரமும் உரசும் மேடையில் ஓராண்டுக்குள் உரியத் தொடங்கும். கழற்றிப் போடும் தாள் என்பதால் வாடகை வீட்டுக்கு ஸ்டிக்கர் பொருந்தும். மற்றவர்கள் அந்தக் காசைச் சிலிக்கோனுக்கும் கிரவுட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வீடு யாருடையது?

தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் தம் கைக்காசைப் போட்டு மேடை கட்டுவது இன்றும் நடக்கிறது. அதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தொழிலாளர் வீடுகளைப் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தின்படி, தோட்டம் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை. மேடை இடிந்து விழும் நிலையில் இருந்தால் அது தொழிலாளியின் செலவு இல்லை. வாய்ச்சொல்லாகக் கிராணியிடம் சொல்வதோடு நிறுத்தாமல், படம் எடுத்து, தேதி போட்டு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லை என்றால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கொண்டு போக அந்த நகல் தேவைப்படும். வேலை ஓய்வுக்கு ஓரிரு ஆண்டே இருக்கும்போது அந்த வீட்டில் சொந்தக் காசைக் கொட்டுவது சரியா என்பதையும் குடும்பத்தோடு பேசிக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டுக்குப் போகும் நாளில் எஃகு மேசையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒட்டிய டைலைக் கொண்டு போக முடியாது.

அடுக்குமாடியில் சொந்த வீடு என்றாலும் உடைக்கும் வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைச் சொல்கின்றன. பல இடங்களில் முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள். சிங்க் குழாயில் கைவைத்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் அந்தச் செலவும் தலையில் விழும். மேலேயே டைல் ஒட்டும் வழிக்கு இந்தத் தொல்லை குறைவு என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் எதையும் உடைக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டும்.

குத்தகையாளரிடம் பணம் கொடுக்கும்போது

சிறு வேலை என்பதால் பலர் ரசீது கேட்பதில்லை. தெரிந்தவரின் தெரிந்தவர் என்று பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, தீபாவளி முடிந்தும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. மேடையின் நீளம், டைலின் அளவு, எந்த வகைப் பசை, பழைய சிங்க்கைக் கழற்றி மாட்டுவது கூலியில் சேர்ந்ததா, குப்பையை யார் அகற்றுவது, எத்தனை நாளில் முடியும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்க வேண்டும். டைலையும் பசையையும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசினால் பெரிய முன்பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசித் தவணையைச் சிங்க்கில் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த துணியால் தொட்டுப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

பணம் வாங்கியவர் வராமல் போனாலோ வேலை மோசமாக இருந்தாலோ பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீதும் படங்களும் அந்தத் தாளும் இருந்தால் பேச வாய் இருக்கும்.

நாள் கணக்கு

வேலை ஒரு நாளில் முடிந்தாலும் மேடை அன்றே கிடைக்காது. டைல் ஒட்டிய பிறகு ஒரு நாள் விட்டுக் கிரவுட், கிரவுட் காய ஒரு நாள், சிங்க்கை இறக்கிச் சிலிக்கோன் போட்ட பிறகு மேலும் ஒரு நாள். பசைப் பையில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஆக மூன்று நான்கு நாளுக்குச் சிங்க் இல்லை. பாத்திரம் கழுவ வெளிக்குழாயும், சமைக்கப் பின்வாசலில் ஒற்றை அடுப்பும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கேஸ் தோம்பைக் கழற்றும்போதே குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பழசாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் டைல் போடுபவர் கிடைப்பது கடினம், கூலியும் ஏறும். முறுக்குப் பிழியும் வாரத்தில் மேடை காயவில்லை என்று நிற்பதைவிடப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரத்தை ஒதுக்குவது வசதி.

வேலை முடிந்ததும் பெட்டியில் மிஞ்சும் ஒன்றிரண்டு டைலைத் தூக்கிப் போடாமல் கேபினட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒன்று உடைந்தால் அதே கடைக்குப் போய் அதே பெயர் சொல்லிக் கேட்டாலும் அடுத்த முறை வந்த சரக்கின் நிறம் இதோடு சேராது.